இந்தப் படத்துக்கு என்ன வயது?

குழந்தைகளே, ஒரு புகைப்படத்துக்கு வயது என்ன என்று கேட்டால், அதை எடுத்த நாளிலிருந்து கணக்குப் போடுவீர்கள். செல்போனில் எடுத்த படத்துக்கு அது சரி. காகிதத்தில் அச்சிட்ட பழைய படத்துக்கு அந்தக் கணக்குப் போதாது.

ஃபிலிம் கேமராவில் முதலில் பதிவாவது நெகட்டிவ். வெளிச்சமான இடம் அதில் கறுப்பாகவும், இருட்டான இடம் வெளுப்பாகவும் இருக்கும். அதன் வழியே ஒளியைப் பாய்ச்சித்தான் காகிதத்தில் படத்தை அச்சிடுவார்கள். ஒரே நெகட்டிவிலிருந்து மறுநாளும் அச்சிடலாம், ஐம்பது ஆண்டு கழித்தும் அச்சிடலாம். எடுத்தது ஓர் ஆண்டு, அச்சிட்டது வேறோர் ஆண்டு!

கலை அருங்காட்சியகத்தில் புகைப்படத் தொகுப்பைக் கவனித்துக்கொள்பவர் காப்பாட்சியர். ஓரிடத்துக் காப்பாட்சியர் இன்னோர் அருங்காட்சியகத்துக்கு விருந்தினராகச் சென்று, அங்குள்ள படங்களை ஆராய்வதும் உண்டு. 'இந்தப் பிரதியை அச்சிட்டது யார், எப்போது?' என்பது அவருடைய முக்கியமான கேள்விகளில் ஒன்று. படம் எடுத்தவரே அச்சிட்ட பிரதி என்றால், எந்த இடம் எவ்வளவு கருமையாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியது அதில் அப்படியே இருக்கும்.

காப்பாட்சியர் என்ன செய்வார்? முதலில் படத்தைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கத்தில் பென்சில் குறிப்போ முத்திரையோ இருக்கலாம். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமையான ஓரங்களில், நீலம் கலந்த ஒரு பளபளப்பு அப்போது தெரியக்கூடும். படத்தின் கருமையே நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனதுதான். காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு, அந்த வெள்ளி சிறிது சிறிதாக உருமாறி மேற்பரப்புக்கு வந்து, மறுபடியும் உலோகமாகப் படிகிறது. அதுதான் அந்தப் பளபளப்பு.

அடுத்தது நுண்ணோக்கி. மெல்லிய பூச்சுக்கு அடியில் காகித இழைகள் தெரிகின்றனவா? அப்படியானால் அது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதமாக இருக்கலாம். 1850இல் பிரான்ஸைச் சேர்ந்த பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய முறை அது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு நிறுவனம் இதற்காக நாளொன்றுக்குச் சுமார் 60,000 முட்டைகளை உடைத்ததாம்!

பிறகு வந்தது ஜெலட்டின் காகிதம். ஜெலட்டினுக்கு அடியில் பேரியம் சல்பேட் என்ற வெண்ணிறப் பொருளைப் பூசும் வழக்கம் வந்தது. அது இழைகளை மறைத்துவிடும். அங்கே பேரியம் இருப்பதை எக்ஸ் கதிர்க் கருவி கண்டுபிடித்துவிடும். கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள கதிரை வெளிவிடுமல்லவா? அதை அளந்தால் போதும், படத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன்னிடமுள்ள தாமஸ் வால்தர் தொகுப்பின் 341 படங்களை இப்படித்தான் நுணுக்கமாக ஆராய்ந்தது. 2010இல் தொடங்கிய அந்த வேலையின் முடிவுகள் 2014இல் வெளியாயின. வெளியிலிருந்து வந்த அறிஞர்களும் அதில் பங்கெடுத்தார்கள்.

இன்னொரு துப்பறியும் கதை கேளுங்கள். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த உங்கள் வயதுக் குழந்தைகளைப் படமெடுத்து, அந்தக் கொடுமையை நாட்டுக்குக் காட்டியவர். 1940இல் அவர் இறந்துபோனார். பல ஆண்டுகள் கழித்து, அவர் கையால் அச்சிட்டவை என்று சொல்லிச் சில படங்கள் விற்கப்பட்டன. சந்தேகம் எழுந்தது. 1990களின் இறுதியில் பால் மெஸ்ஸியர் என்ற நிபுணர் அத்தகைய படங்களைப் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தார். சில படங்கள் நீலமாக ஒளிர்ந்தன!

காகிதம் பளிச்சென்று தெரிய ஒரு வெண்மையூட்டி சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உறிஞ்சி, நீல ஒளியாக வெளிவிடுவது அதன் இயல்பு. புகைப்படக் காகிதத்தில் அதைச் சேர்க்கத் தொடங்கியது 1950களின் தொடக்கத்தில்தான். 1940இல் இறந்தவர் அந்தக் காகிதத்தில் எப்படி அச்சிட்டிருக்க முடியும்?

ஆனால், ஒளிராத படம் எல்லாம் பழையது என்று சொல்லிவிடலாமா? கூடாது. வெண்மையூட்டி சேர்க்காத காகிதங்கள் பிறகும் இருந்தன. நீலமாக ஒளிர்ந்தால் அது 1950களிலோ அதற்குப் பிறகோ செய்த காகிதம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒளிராவிட்டால் இழை, பூச்சு, முத்திரை என்று வேறு சான்றுகளைத் தேட வேண்டும். ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அறிவியல்.

நீங்களும் செய்து பார்க்கலாம். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்க ஒரு புற ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். பெரியவர்கள் துணையோடு, இருட்டான அறையில் அதை ஏற்றுங்கள். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். புதிய வெள்ளைத்தாள், பழைய புத்தகத்தின் பக்கம், சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை, ரூபாய் நோட்டு ஆகிய நான்கையும் வரிசையாகக் காட்டுங்கள். எது ஒளிர்கிறது, எது மங்கலாக இருக்கிறது, நோட்டில் எந்தப் பகுதி மட்டும் மின்னுகிறது என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் என்னவாக இருக்கும் என்று பக்கத்திலேயே எழுதி, வகுப்பில் ஆசிரியரிடம் காட்டி விவாதியுங்கள்.