வரையறைகளும் தொடர் வைப்பும்

நம் வாடிக்கையாளர் இல்லங்கள் பலவற்றில் இப்போது தேர்வுக் காலக் கவலை குடிகொண்டிருக்கும். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கே உரியவை. அப்பாடத்திலோ வரையறைகள் மிகுதி.

கேரளத்தின் கோட்டுகால் முதல் பாறசாலை வரையிலான எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களில் இச்சுமை சற்றே கூடுதல். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகவே இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், மேல்நிலை வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகள்.

எனினும் அம்மூன்று மொழிகளே அவர்களுக்குத் துணையாகவும் அமையும். தமிழில் ஒளிச்சேர்க்கை, மலையாளத்தில் பிரகாச சம்ஸ்லேஷணம், ஆங்கிலத்தில் ஃபோட்டோசிந்தசிஸ். மூன்றுமே ‘ஒளியால் சேர்த்தல்’ என்றே பொருள்படும். எதை எதோடு சேர்ப்பது என வினவினால், கரியமில வாயுவும் நீரும் என்ற விடையோடு வரையறை பாதி அமைந்துவிடுகிறது.

அடுத்து, வரையறையை வினாக்களாகப் பகுத்தல் வேண்டும். சவ்வூடு பரவலை எடுத்துக்கொள்வோம். செல்வது எது? நீர். எதன் வழியே? தேர்வு கடத்து சவ்வின் வழியே. எங்கிருந்து எங்கே? நீரின் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்கு. நீரில் ஊறிய உலர்திராட்சை உப்புவது இதனாலேயே. ‘சவ்வு’ என்னும் ஒரு சொல்லை விட்டால் அது வெறும் பரவலாகிவிடும். காசோலையில் ஒரு பூஜ்யம் விடுபட்டது போன்ற பிழை அது.

மூன்றாவதாக, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுவதே சிறந்தது. அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் முந்தினர். ஒரு வாரம் கழிந்தபோதோ அவர்கள் நினைவில் நின்றது 42 விழுக்காடு. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. வாசிக்கும்போது தோன்றும் ‘தெரியும்’ என்ற எண்ணத்தை முழுதும் நம்புவதற்கில்லை.

இதனை ஒழுங்காகச் செய்ய, செபாஸ்டியன் லைட்னர் 1972இல் தம் ஜெர்மன் நூலில் விளக்கிய அட்டைப்பெட்டி முறை உதவும். அட்டையின் ஒருபுறம் சொல், மறுபுறம் வரையறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குச் சென்று சில நாள் கழித்தே மீண்டும் வரும். தவறியது முதல் அறைக்குத் திரும்பி மறுநாளே வரும். இதனால் தெரிந்ததில் நேரம் வீணாவதில்லை.

நாள்தோறும் ஐந்து வரையறைகள் எனில் முப்பது நாளில் 150. சிறு தொகையைத் தவறாது செலுத்தும் தொடர் வைப்புக் கணக்கின் பயனை அறிந்த வாடிக்கையாளர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. முந்தைய இரவில் விழித்திருந்து படிப்பது, கடைசித் தவணையன்று முழுத் தொகையையும் திரட்ட முயல்வதற்கு ஒப்பாகும்.

பெற்றோருக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அட்டையைக் கையில் பிடித்துச் சொல்லை வாசித்து, பிள்ளை கூறும் விடையை மறுபுறத்தோடு ஒப்பிட்டால் போதும். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குவோமாக.