லண்டன்னு சொன்னாங்க... போனது டர்ஹாம்! இலவச வெளிநாட்டு டூர் வாய்ப்பு வந்தால் கங்கைகொண்டான் மாணவர்கள் கையில் என்ன இருக்கணும்?

நெல்லை:

கடந்த 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழகத்தில் இருந்து 25 கல்லூரி மாணவ-மாணவிகள் விமானம் ஏறி இங்கிலாந்து போனார்கள். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆன்லைன் தேர்வு, பயிற்சி என்று படிப்படியாக வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள் இவர்கள். விமான டிக்கெட்டில் இருந்து தங்குமிடம் வரை அரசு செலவு. ஒரு வாரம் செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட பாடங்களில் பயிற்சி.

அப்போது பல செய்திகளில் ‘லண்டன் பயணம்’ என்றே வந்தது. இங்கிலாந்து என்றாலே நம்ம ஊரில் லண்டன்தானே! ஆனால் அவர்களுக்கு பயிற்சி நடந்தது டர்ஹாம் பல்கலைக்கழகத்தில். அது இருக்கும் டர்ஹாம் நகரம் லண்டனுக்கு வடக்கே 400 கிலோ மீட்டருக்கு மேல். சென்னையில் இருந்து திண்டுக்கல் வருகிற தூரம். ரெயிலில் ஏறினால் 3 மணி நேரத்தில் கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கோட்டைக்குள் ஹாஸ்டல்

டர்ஹாம் சின்ன ஊர்தான். ஒரு நாள் நடந்தால் முக்கியமானதை எல்லாம் பார்த்து விடலாம். வேர் என்ற ஆறு ஒரு குன்றை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. குன்றின் மேலே ஒரு பக்கம் கோட்டை, எதிரே பெரிய தேவாலயம். இரண்டையும் சேர்த்து 1986-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னமாக அறிவித்தது.

கோட்டையை கட்ட ஆரம்பித்தது 1072-ல். தேவாலயத்துக்கு அஸ்திவாரம் போட்டது 1093-ல். முதலாம் ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பி ஜெயித்து ‘கங்கைகொண்டான்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டது அதற்கும் சுமார் 70 வருஷம் முன்னால். அந்த பட்டப்பெயரை தாங்கி நிற்பது நம்ம ஊர். ஆக, டர்ஹாமின் பழமையை பார்த்து நம்ம பிள்ளைகள் மலைக்க வேண்டியது இல்லை. ஆனால் அவர்கள் அதை வைத்திருக்கும் விதத்தை பார்த்து மலைக்கலாம்.

டர்ஹாம் பல்கலைக்கழகம் தொடங்கியது 1832-ல். கொஞ்ச வருஷத்திலேயே கோட்டை பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. இன்றைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்த கோட்டைக்குள் தங்கித்தான் படிக்கிறார்கள். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் சும்மா உள்ளே நுழைய முடியாது, வழிகாட்டி ஒருவர் கூட்டிப் போவார். மாணவர்கள் குடியிருக்கிற இடம் அல்லவா?

தேவாலயத்துக்குள் போக கட்டணம் இல்லை. விருப்பம் இருந்தால் உண்டியலில் போடலாம். கல்லாலேயே வளைவு வளைவாக கட்டிய அதன் உள்கூரை, கட்டிட கலை படிக்கிறவர்களுக்கு ஒரு பாடம். நடுக்கோபுரத்தில் ஏற 325 படிகள். ஹாரி பாட்டர் சினிமா பார்த்த பிள்ளைகளுக்கு அங்குள்ள தாழ்வாரம் ஏற்கனவே பார்த்த இடமாக தெரியும். அதன் முதல் படங்களின் சில காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள்.

ஜூன் மாதம் அங்கே இரவு ஒன்பதரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். வகுப்பு சாயந்திரம் முடிந்தாலும் ஊர் சுற்ற 4 மணி நேரம் கிடைக்கும். குறுகிய டூர் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். கோடைகாலம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போனால் மட்டும் கஷ்டம். ராத்திரி 10 டிகிரிக்கு இறங்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

தடுப்பது பணம் இல்லை, பேப்பர்!

கங்கைகொண்டான் சிப்காட்டில் தயாராகும் டயர் கடல் தாண்டி போகிறது. அங்கே ஷிப்டு பார்க்கிறவர்களின் பிள்ளைகள் போக முடியாதா? தேர்வில் ஜெயித்து விட்டால் பணப்பிரச்சினை இல்லை. ஆனால் பெயர் பட்டியலில் வந்த பிறகு ‘பாஸ்போர்ட் எங்கே?’ என்று கேட்கும்போதுதான் பல வீடுகளில் ஓட்டம் ஆரம்பிக்கிறது.

பாஸ்போர்ட்டுக்கு மதுரை வரை அலைய வேண்டியது இல்லை. நெல்லையிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பித்து, பணம் கட்டி, நேரம் குறித்துக்கொண்டு போனால் போதும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு ரூ.1,500. 18 வயதுக்கு கீழே என்றால் ரூ.1,000. அது 5 வருஷமோ, 18 வயது முடியும் வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். 15 வயது தாண்டிய மாணவர்கள் ரூ.1,500 கட்டி 10 வருஷ பாஸ்போர்ட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். பிளஸ்-1, பிளஸ்-2 பிள்ளைகளுக்கு அதுதான் லாபம். தட்கல் என்று போனால் கூடுதலாக ரூ.2,000.

இதில் பெரிய வில்லங்கம் பெயர்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘எஸ்.முருகன்’ என்று இருக்கும். ஆதாரில் ‘முருகன்’ என்று மட்டும் இருக்கும். ரேஷன் கார்டில் இரண்டும் இல்லாமல் வேறு எழுத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, அப்பா பெயரை முழுசாக விரித்து எழுத வேண்டும். அப்பா பெயருக்கான இடத்தை காலியாக விட்டு ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் வளைகுடாவுக்கு போகும்போது மாட்டிக்கொண்ட கதை நெல்லை பக்கம் நிறைய பேருக்கு தெரியும். விசிட் விசாவில் வருகிறவர்கள் ஒற்றைப் பெயரில் வரக்கூடாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. எனவே ஆதாரையும் மார்க் ஷீட்டையும் முதலில் ஒன்றாக்கி விட்டு, பிறகு பாஸ்போர்ட்டுக்கு போவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது போலீஸ் விசாரணை. வெளியூர் ஹாஸ்டலில் தங்கி படிக்கிறவர்கள் வீட்டு முகவரியை கொடுத்து விட்டு, போலீசார் வரும்போது ஆள் இல்லாமல் போனால் பாஸ்போர்ட் இழுத்தடிக்கும். செல்போனை எடுக்காமல் விட்டாலும் அதே கதிதான்.

பாரீஸ் விசா வேறு, லண்டன் விசா வேறு

இங்கிலாந்து ஐரோப்பாவில் இருந்தாலும் அதற்கு தனி விசா. பாரீஸ், பெர்லின், ரோம் போக ‘ஷெங்கன்’ விசா. ஒன்றை வைத்து இன்னொன்றுக்குள் நுழைய முடியாது.

இங்கிலாந்து விசிட்டர் விசா கட்டணம் 2024-ல் 115 பவுண்டு. நம்ம பணத்தில் அப்போது ரூ.12 ஆயிரம் பக்கம். அதன் பிறகு ஏற்றி விட்டார்கள். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராது. கைரேகை, போட்டோ எடுக்க சென்னை போகணும். அதன் பிறகு சாதாரணமாக 3 வாரம் ஆகும். பேங்க் கணக்கை பார்ப்பார்கள் என்பதால் ஏழை வீட்டு பிள்ளைகளுக்கு பயம் வரும். செலவை அரசோ, கல்லூரியோ ஏற்கிறது என்ற கடிதம் இருந்தால் அந்த பயம் பாதி குறைந்து விடும்.

ஷெங்கன் விசாவில் மாணவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, பலருக்கு தெரியாது. விசா கட்டணம் 90 யூரோ. ஆனால் படிப்பு, கல்விப்பயிற்சிக்காக போகும் மாணவர்களுக்கும், கூட போகும் ஆசிரியர்களுக்கும் அது கிடையாது. விண்ணப்ப மையத்தின் சேவை கட்டணம் மட்டும் தனி. 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவ காப்பீடு கண்டிப்பாக எடுக்க வேண்டும்.

18 வயது ஆகாத மாணவர்கள் என்றால் அப்பா, அம்மா இருவரும் சம்மத கடிதத்தில் கையெழுத்து போட வேண்டும். அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகளில் அந்த ஒரு கையெழுத்துக்கே நாள் ஓடிவிடும் என்பதால், அவர் லீவில் ஊருக்கு வந்திருக்கும்போதே பாஸ்போர்ட் வேலையை முடித்து விடுவது நல்லது.