பதின்மூன்றரை டிகிரி

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தில், காலை அலுவலகக் கூட்டம் நெரிபடும் நேரத்தில், டிக்கெட் கேட் பக்கம் ஓரமாக நின்று பாருங்கள். கேட்டெல்லாம் திறந்தே கிடக்கும். சென்னை மெட்ரோவில் அட்டையைக் காட்டினால்தான் வழி விடும். இங்கே எல்லாம் தலைகீழ். கணக்கில் ஏதாவது இடித்தால் மட்டும் இடுப்பு உயரத்தில் இரண்டு பலகைகள் படக்கென்று குறுக்கே வந்து மறிக்கும். ஒவ்வொருவருக்கும் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வரிசை பிளாட்பாரம் வரை நீண்டுவிடும். தப்பு செய்பவர்கள் கொஞ்சம் பேர்தானே, அவர்களுக்கு மட்டும் மூடினால் போதும் என்பது ஜப்பான்காரர்களின் கணக்கு.

அந்தக் கேட்டில் எல்லோரும் தொட்டுவிட்டுப் போகிற பச்சை அட்டையின் பெயர் சுய்கா. கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம் 2001 நவம்பர் 18 அன்று இதை டோக்கியோ வட்டாரத்தில் அறிமுகப்படுத்தியது. ஜப்பானிய மொழியில் சுய்கா என்றால் தர்பூசணி. பச்சை நிறம் அதற்குப் பொருத்தமாகவே அமைந்தது.

அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சில்லும், அதைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருளும்தான். கேட்டின் மேலிருக்கும் தகடு 13.56 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதற்குள் வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நடக்கும் அதே மின்தூண்டல்தான். அந்தத் துளி மின்சாரத்தில் சில் விழித்துக்கொள்கிறது. நீங்கள் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்று அது சொல்ல, கேட் கட்டணத்தைக் கணக்கிட்டு, பாக்கிப் பணத்தைத் திரும்ப அட்டையிலேயே எழுதி, சரியாகப் பதிந்ததா என்றும் பார்த்துவிடுகிறது. இத்தனையும் 0.2 விநாடியில் முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தலைமைக் கணினியைக் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், முடிவெடுக்கும் வேலையைக் கேட்டிடமே விட்டார்கள். கணக்கு வழக்கெல்லாம் பிறகு மெதுவாக மேலே போய்ச் சேரும்.

மின்னணுவியல் இவ்வளவு சாமர்த்தியமாக இருந்தும், 1990களில் சோதித்தபோது காலை வாரியது மனிதக் கைதான். ஒருவர் அட்டையைச் செங்குத்தாகப் பிடித்தார், இன்னொருவர் விசிறிபோல் வீசிவிட்டு நடந்தார். எழுதி முடிப்பதற்குள் அட்டை காந்தப்புலத்தை விட்டு வெளியே போய்விட்டது. வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனாக்கா இதைச் சரிசெய்ய முனைந்தார். சில்லைத் தொடாமல், தகட்டைப் பல கோணங்களில் சாய்த்து வைத்து மனிதர்களை நடக்கவிட்டுப் பார்த்தார். வருபவரை நோக்கி 13.5 டிகிரி சாய்த்து, தொட வேண்டிய இடத்தில் விளக்கும் எரியவிட்டபோது, யாரும் சொல்லித்தராமலே கைகள் சரியாக அங்கே போயின.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ரேடியோ அலைக்கு அட்டை தகட்டில் படவே தேவையில்லை, சில சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தாலே போதும். ஆனாலும் ‘தொடுங்கள்’ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். தொடச் சொன்னால்தான் கை ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணம்தான் இயந்திரத்துக்கு வேண்டியது. (தகடு வலப்பக்கம் இருப்பதால், இடக்கைக்காரர்கள் மட்டும் பாவம், கையைக் குறுக்கே நீட்டித் தொட வேண்டும்.)

வெளியூர்க்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். சாதாரண அட்டைக்கு 500 யென் முன்பணம் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வரும் ‘வெல்கம் சுய்கா’வுக்கு முன்பணம் இல்லை, ஆனால் 28 நாளில் காலாவதியாகிவிடும். பர்ஸில் இதுபோன்ற அட்டைகள் இரண்டு இருந்தால் பர்ஸோடு தொடாதீர்கள். எதைப் படிப்பதென்று கேட் குழம்பும். 2013 மார்ச் முதல் நாட்டின் பத்து முக்கிய அட்டைகளும் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று செல்லுபடியாகின்றன. ஒசாகா நகருக்குள்ளும் சுய்காவில் சுற்றலாம். ஆனால் டோக்கியோவில் தொட்டு ஏறி ஒசாகாவில் தொட்டு இறங்க முடியாது. ஒரே பயணம் இரண்டு அட்டைகளின் எல்லைகளைத் தாண்டினால் கேட் ஒப்புக்கொள்ளாது. சிறுவர் அட்டையைத் தொட்டால் மட்டும் கோழிக்குஞ்சு போலக் கீச்சிடும். பெரியவர் யாராவது அரை டிக்கெட் அட்டையில் நுழைந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் மாட்டியது உயெனோ நிலையத்தில். அட்டையில் இருந்த பணம் ஏறுவதற்குப் போதுமானதாக இருந்தது, இறங்குவதற்குச் சில யென் குறைந்துவிட்டது. தொட்டதும் பலகைகள் தொடையில் வந்து இடித்தன. நம் ஊராக இருந்தால் பின்னால் நிற்பவர் ‘என்ன சார்’ என்றிருப்பார். இங்கே எனக்குப் பின்னால் வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்துக் கேட்டுக்கு ஒதுங்கினார், அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. கேட்டுக்கு உள்பக்கமே, சுவரோரம், கட்டணத்தைச் சரிக்கட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. அட்டையைச் செருகினேன். எவ்வளவு குறைகிறது என்று திரையில் வந்தது. சட்டைப்பையில் கிடந்த சில்லறையைப் போட்டதும் அட்டை வெளியே வந்தது. திரும்பிப் போனேன். கேட் பழையபடி திறந்தே கிடந்தது.