கடலின் பருவங்களும் கையில் ஒரு நினைவும்



கடற்கரைப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், என் மாணவர்களில் பலர் "போனோம், குளித்தோம், நாசி லெமாக் சாப்பிட்டோம், வந்தோம்" என்று நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் போய் வருகிறோம். பல மாதம் சேர்த்த பணத்தில் வேன் பிடித்துப் போன பயணம், ஒரே வாரத்தில் மறந்து போகிறது. அதை மறக்காமல் காக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று புகைப்படம், மற்றொன்று பின்னல் வேலை.

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு, தோட்டத்து மக்கள் லாரி ஏறிப் போர்ட்டிக்சனுக்குப் போனபோது எடுத்தது. மர நிழலில் பாய் விரித்து அம்மா உட்கார்ந்திருக்கிறார். மடியில் நீலக் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும் இருக்கின்றன. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. படத்தின் பின்புறம் யாரும் பெயர் எழுதவில்லை. அம்மா இருந்தபோது நானும் கேட்டு வைக்கவில்லை. இன்று அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது, லயங்களும் இல்லை. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு வரலாறு எழுதி வைப்பவர் எவருமில்லை. அதை நாமேதான் காக்க வேண்டும்.

முதலில், எந்த மாதத்தில் எந்தக் கடலுக்குப் போவது என்று பார்ப்போம். நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. ஆனாலும் கடலுக்குப் பருவம் உண்டு. அதை மாற்றுவது காற்று.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளி வந்து, கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் மழையாகக் கொட்டுகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே அலைகளின் சீற்றம் மிகுதி. அந்நாட்களில் குழந்தைகளுடன் அக்கரைகளுக்குப் போக வேண்டாம். சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் காலை நனைப்பதற்கும் இறங்கக்கூடாது. படத்துக்காகப் பாறைமேல் ஏறி அலைக்கு முதுகு காட்டி நிற்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அதே காலத்தில் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நடுமலைத் தொடர் காற்றைத் தடுத்துவிடுகிறது. மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சனுக்கு அருகேயுள்ள தஞ்சோங் துவான் முனைக்குப் போனால் ஓர் அரிய காட்சியைக் காணலாம். சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, தேன்பருந்து முதலிய பறவைகள் கூட்டங்கூட்டமாக வடக்கே திரும்பும் காலம் அது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் காற்று திசை மாறுகிறது. காலையில் வெயில் அடிக்கும். பிற்பகலில் இடிமழை வரும். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் கரையை விட்டுக் கிளம்புவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கிழக்குக் கரைக்குப் போக இதுவே ஏற்ற காலம். மேற்குக் கரையில் சில நாட்களில் சுமத்திராப் பக்கமிருந்து விடியற்காலையில் புயற்காற்றோடு மழை வரும். 1997, 2015 போன்ற சில ஆண்டுகளில் இக்காலத்தில் புகைமூட்டமும் கடுமையாக இருந்தது.

கடல் ஏன் எல்லா இடத்திலும் நீலமாக இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேற்குக் கரையில் ஆறுகள் கொண்டுவரும் சேறு, அலை குறைவாக இருப்பதால் அங்கேயே படிந்துவிடுகிறது. அதனால் நீர் பழுப்பும் பச்சையுமாகத் தெரிகிறது. கண்டல் மரங்கள் வளர்கின்றன. கிழக்கில் வலிய அலைகள் சேற்றைத் தங்கவிடாமல் மணலை மட்டும் விட்டுவைக்கின்றன. மேகம் மூடினால் எந்தக் கடலும் சாம்பல் நிறமாகிவிடும்.

இனி, படம் எடுப்பதைப் பற்றி. இப்போது கைத்தொலைபேசியே போதும். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்பதால் கண்குழியில் நிழல் விழுந்து முகம் கறுத்துவிடும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் எடுங்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். மேற்குக் கரையில் கடலில் இறங்கும். கடலும் வானும் சேரும் கோடு சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்று கண்ணாடியில் படிந்து படத்தை மங்கலாக்கும். அடிக்கடி மெல்லிய துணியால் துடையுங்கள். கோலசிலாங்கூருக்கு அப்பால் கடல் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் மிகவும் வற்றும்போது அது வெளிப்படும். அதன்மேல் நிற்கும் மெல்லிய நீரில் வானமும் மனிதரும் கண்ணாடியில் போலத் தெரிவார்கள். படகில்தான் போக வேண்டும். நாள் பார்த்துப் போங்கள்.

திரெங்கானுக் கரையில் ஆமை முட்டையிட வருவதைக் கண்டால், விளக்கடித்துப் படம் எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். 1950களில் ரந்தாவ் அபாங் கரையில் தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் தோண்டி முட்டையிட்டன. முட்டைகளை மனிதர் எடுத்ததாலும், மீன்வலைகளில் சிக்கியதாலும் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. பெரும்பாலோருக்கு இன்று அவற்றின் படம்தான் மிச்சம்.

தாய்மார்களே, இப்போது பின்னலுக்கு வருவோம். நம் வெப்பத்துக்குக் கம்பளியைவிடப் பருத்தி நூல் ஏற்றது. கடற்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடிக்கும். மூங்கில் ஊசி நல்லது. நூல் உருண்டையை மூடியுள்ள டப்பாவில் வைத்தால் மணல் ஒட்டாது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சதுரம் பின்னுங்கள். ஊசியில் 30 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் ஒரே நேர்ப்பின்னலாக 60 வரிசை போடுங்கள். இந்தப் பின்னலில் இரண்டு வரிசை சேர்ந்துதான் ஒரு கண்ணியின் அகலத்துக்குச் சமமாகும். ஆகவே 60 வரிசைக்குச் சதுரம் சரியாக வந்துவிடும். முதல் 20 வரிசை மணலின் நிறம், அடுத்த 20 கடலின் நிறம், கடைசி 20 வானத்தின் நிறம். நூல் கடைக்குப் போகும்போது அன்று எடுத்த படத்தையும் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். கோலசிலாங்கூர்ச் சதுரத்தில் பழுப்பும், திரெங்கானுச் சதுரத்தில் நீலமும், மழை நாளின் சதுரத்தில் சாம்பலும் அமையும். ஒன்பது சதுரங்கள் சேர்ந்தால் ஒரு தலையணை உறை ஆகும். "இது பெண்கள் வேலை" என்று பையன்கள் சொன்னால், கரையில் வலை பழுதுபார்க்கும் மீனவர்களின் கைகளைக் காட்டுங்கள். அதுவும் ஊசியும் நூலும் கொண்ட வேலைதான்.

பாதுகாப்பு முக்கியம். எங்கள் படம் சுவரில் வெயில் பட்டுத் தொங்கியது. அதனால் வெளிறிச் செம்மை ஏறி, கடலும் வானும் ஒன்றாகிவிட்டன. அம்மா பின்னிய தொப்பியோ பெட்டிக்குள் கிடந்தது. அதன் நீலம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஒளிதான் வண்ணத்தின் பகை. தொலைபேசியும் ஒருநாள் கெட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூன்று படங்களையாவது கடையில் கொடுத்து அச்சிட்டு, சதுரங்களோடு பெட்டியில் வையுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மென்மையாக நாள், இடம், நிற்பவர் ஒவ்வொருவரின் பெயர், உறவு முறை ஆகியவற்றை அன்றைக்கே எழுதுங்கள். வீட்டில் பழைய படம் இருந்தால், இன்று மாலையே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "இவங்க யாரு பாட்டி?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.