நாய்க் காப்பகமும் நம் கடமையும்

நன்றிக்கு உவமை சொல்ல வேண்டுமானால் நாயைச் சொல்கிறோம். ஒருவரை இழித்துப் பேச வேண்டுமானாலும் அதே நாயைத்தான் சொல்கிறோம். இந்த இரட்டைப் போக்கு பேச்சோடு நின்றிருந்தால் தீங்கில்லை. நாம் நாயை நடத்தும் முறையிலும் அது புகுந்துவிட்டது. ஒரே தெருவில் ஒருவர் சோறு வைக்கிறார், மற்றவர் கல்லெறிகிறார். இருவராலும் கைவிடப்பட்ட நாய் இறுதியில் போய்ச் சேரும் இடம் காப்பகம். அக்காப்பகங்கள் இன்று நிரம்பி வழிகின்றன. ஏன் வழிகின்றன, அதற்கு நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை, உயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம், தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்டது. ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. பின்னர் நவம்பர் 7 அன்று வந்த ஆணை நம்மை நேராகத் தொடுவது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு அரங்குகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும். அவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்பது அந்த ஆணை.

அப்படியானால் நம் விடுதி வாசலில் படுத்திருக்கும் நாய் எங்கே போகும்? காப்பகத்திற்கு. அந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் 'நாயைப் பிடி' என்பதும் 'நாயைப் பிடிக்காதே' என்பதும் வெறும் கூச்சலே ஆகும்.

முதலில், மக்களின் அச்சம் பொய்யன்று என்பதை ஒப்புக்கொள்வோம். வெறிநோய் அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் மிக மிக அரியர். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாயால் வருவது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகில் இந்நோயால் இறப்போருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்பதும் அதன் மதிப்பீடு. ஆனால் தக்க நேரத்தில் தடுத்தால் வெல்லக்கூடிய நோய் இது. கடிபட்டவுடன் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசித் தொடரைத் தொடங்க வேண்டும். காயம் ஆழமானால் அதனுடன் எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு அப்புவது தீங்கு.

நாய்களிடையே நோயைத் தடுக்கும் வழியும் தெரிந்ததே. வெறிநோய் கண்ட ஒரு நாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. ஆகவே ஒரு பகுதி நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடுகிறது. எல்லா நாயையும் அடைத்தால்தான் நோய் ஒழியும் என்பதில்லை. பல லட்சம் என்று மதிப்பிடப்படும் தில்லி நாய்களை அடைத்துவைக்கச் சுவரும் இல்லை, சோறும் இல்லை.

இனிக் காப்பகத்தின் கணக்கைப் பார்ப்போம். மிக எளிய கணக்குத்தான். ஒரு காப்பகத்திற்கு நாள்தோறும் 10 நாய்கள் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 15 நாள் தங்கி வெளியேறினால் உள்ளே எப்போதும் 150 நாய்கள் இருக்கும். அதே பத்து நாய்கள் ஒரு மாதம் தங்கினால் 300 ஆகிவிடும். வருகை ஒன்றுகூடக் கூடவில்லை. நெரிசல் மட்டும் இரட்டித்துவிட்டது. கட்டடம் போதவில்லை என்று நாம் நினைப்பது பல சமயங்களில் வெளியே செல்லும் வழி போதாமையே. குணமான நாய்க்கு ஒரு வீடு கிடைத்தால், புதிய கூண்டு ஒன்று கட்டியதற்கு ஒப்பாகும்.

நெரிசலின் கேடு இடநெருக்கடியோடு நிற்பதில்லை. பார்வோ என்னும் வைரஸ் நாய்க்குட்டியின் குடலைத் தாக்கும். வாந்தியும் இரத்தபேதியும் உண்டாகும். நோய்ப்பட்ட குட்டியின் மலத்தால் மண்ணில் சேர்ந்த வைரஸ் பல மாதங்கள் வீரியம் குன்றாமல் இருக்கும். டிஸ்டெம்பர் என்னும் நோய் தும்மலாலும் மூச்சாலும் பரவும். ஆகவே புதிதாக வந்த நாயை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். இடமில்லாத காப்பகம் எங்கே தனியே வைக்கும்? காலொடிந்து வந்த நாய் கால் தேறுமுன் பேதியில் விழுகிறது. நோயுற்றது அதிக நாள் தங்குகிறது; அதிக நாள் தங்குவதால் நெரிசல் மேலும் கூடுகிறது; நெரிசல் கூட நோய் மேலும் பரவுகிறது. காப்பகத்தை வதைக்கும் சுழல் இதுவே.

தெருவில் பிறந்த நாய்கள் மட்டுமா இங்கே வருகின்றன? இல்லை. விலை கொடுத்து வாங்கிய நாய்களும் வருகின்றன. பனிநாட்டுக்கு உரிய ஹஸ்கியை வாங்கித் தில்லி வெயிலில் வளர்க்கிறார்கள். குட்டியாக இருக்கும்வரை அது பொம்மை. வளர்ந்தபின், வீடு மாறும்போது, தோல் நோய் வந்தபோது, அது சுமை. ஓர் இரவு காப்பகத்து வாயிலில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பட்டினியால் வாடுமாறு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால் முதற்குற்றத்திற்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே! ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி யார் நாயை வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

இத்துறையில் தமிழகத்திற்குத் தனிப் பங்கு உண்டு என்பதை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். மாநிலங்களவையில் விலங்கு வதைத் தடைக்காக முதலில் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அம்முயற்சியின் பயனாகவே 1960ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. தெருநாயைக் கொல்வதால் பயனில்லை, கருத்தடையே வழி என்று சென்னை ப்ளூ கிராஸ் 1964 முதல் வற்புறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி 1996இல் அவ்வழிக்கு வந்தது. இந்திய அரசின் விதிகளாக அது 2001இல் உருப்பெற்று, 2023இல் புதுப்பிக்கப்பட்டது. கருத்தடை முடிந்த நாயின் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். நம் வளாகத்து நாய்களில் எத்தனைக்கு அந்த அடையாளம் இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பார்க்கலாம்.

சமுதாயம் கைகொடுத்தால் காப்பகம் பிழைக்கும் என்பதற்குத் தில்லியிலேயே சான்று உண்டு. டிபன்ஸ் காலனி மேம்பாலத்தின் அடியில் இயங்கும் பிரெண்டிகோஸ் என்னும் காப்பகம் 1979இல் தொடங்கியது. 2015இல் பணமுடையால் மூடும் நிலைக்கு வந்தது. செய்தி பரவியது, பொதுமக்கள் நன்கொடை அளித்தனர், காப்பகம் மூடப்படவில்லை. ஆயினும் ஆபத்து வந்தபின் ஒரே மூச்சில் கொட்டிக்கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிறிது கொடுப்பதே மேல். நாய்க்குப் பசி மாதந்தோறும் அன்று, நாள்தோறும் வருகிறதன்றோ?

மாணவரிடம் பணம் ஏது என்று கேட்கலாம். பணம் இல்லாமலும் செய்யத்தக்கவை பல.

முதலாவது, உழைப்பு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சென்று கூண்டு கழுவலாம். நாய்களை நடத்திச் செல்லலாம். மனிதப் பழக்கம் மிக்க நாய்க்கே வீடு எளிதில் கிடைக்கும். ஆனால் போகுமுன் காப்பகத்தாரைக் கேட்டு, மருத்துவரிடம் முன்தடுப்பு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பழம்பொருள். கூண்டில் விரிக்கப் பழைய செய்தித்தாள், தில்லிக் குளிருக்குக் கோணிப்பையும் கிழிந்த கம்பளியும், கோடைக்குத் தண்ணீர் வைக்க மண்சட்டி. தேர்வு முடிந்து ஊருக்குப் போகும்போது நாம் அறையில் விட்டுச்செல்லும் பொருள்களே ஓராண்டுக்குப் போதும்.

மூன்றாவது, தற்காலிக வீடு. விடுதி அறையில் நாய் வளர்க்க முடியாது, வளர்க்கவும் கூடாது. ஆனால் விஜய் நகரிலும் முகர்ஜி நகரிலும் வீடு எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்கள், வீட்டுக்காரர் இசைந்தால், அறுவை முடிந்த நாயை இரண்டு வாரம் வைத்திருக்கலாம். மேலே சொன்ன கணக்கின்படி, அந்த இரண்டு வாரம் ஒரு கூண்டுக்குச் சமம்.

நான்காவது, நம் குப்பை. விடுதி மெஸ்ஸின் மிச்சச் சோறு திறந்த தொட்டியில் கிடக்கும்வரை, பிடித்துச் சென்ற நாயின் இடத்திற்கு வேறொரு நாய் வரும். அது தடுப்பூசி போடாத நாயாகவும் இருக்கலாம். தொட்டிக்கு மூடி போடச் சொல்வதும் நாய்த் தொண்டே.

ஐந்தாவது, ஊரில் அண்ணனோ அக்காவோ நாய் வாங்கப்போவதாகச் சொன்னால், கடைக்குப் போகாமல் காப்பகத்திற்குப் போகச் சொல்லுங்கள். நாட்டு நாய் நம் வெயிலுக்குப் பழகியது.

அயலூரில் வந்து வாழும் நமக்கு, இடமின்றி அலைவது எத்தகையது என்பது ஓரளவு தெரியும். முதலாண்டில் அறை தேடித் தெருத்தெருவாக நடந்தவர்கள்தாமே நாம்! ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் பொங்கல் விழாச் செலவில் சிறு பங்கை ஒரு காப்பகத்திற்கென ஒதுக்குவோம். மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பேர் சென்று உழைப்போம். இசைவுள்ளோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதற்பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒன்பது பேர் வேண்டும்.