சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் சட்டை வேண்டாம்

மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் கொடுத்த நிலத்தில், 1882இல் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உருவான குடியிருப்பு வைட்ஃபீல்ட். திட்டத்தை முன்னின்று நடத்திய டேவிட் ஒயிட்டின் பெயரே ஊருக்கு அமைந்தது. இன்று கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, இன்னர் சர்க்கிள் பக்கம் பழைய வீடுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. இப்படிப்பட்ட வீட்டைப் புதுப்பித்துப் பெரிதாக்க நினைப்பவர்கள், அதன் பாணி என்றதும் மங்களூர் ஓட்டையும், முன்வாசல் தாழ்வாரத்தையும், ஜன்னலுக்கு மேல் கூம்பி நிற்கும் ‘மங்கி டாப்’ மரவேலையையும்தான் நினைக்கிறார்கள். அவை காப்பாற்ற வேண்டியவைதான். ஆனால் பாணியின் உயிர் சுவருக்குள் இருக்கிறது. இந்தியாவில் சிமெண்ட் பெருமளவில் உற்பத்தியானது 1914இல் போர்பந்தர் ஆலைக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்பையோ மண்ணையோ நம்பி எழுந்தவை. அந்தச் சுவரின் சுபாவம் தெரியாமல் கைவைத்தால், முகப்பு பழையபடியே இருக்க, உள்ளே வீடு உளுத்துப்போகும்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்டதைத் தண்ணீர் விட்டு நீற்றி, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்தால் காரை. சுவரில் பூசிய பிறகு, அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இந்தக் கல்லில் நுண்துளைகள் ஏராளம். அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் படலம் இல்லாத பழைய சுவர், நிலத்து நீரை உறிஞ்சியபடியே இருக்கும். உறிஞ்சிய ஈரம் துளைகள் வழியாக ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. தரையோரம் நின்ற ஓதம் ஜன்னல் மட்டத்துக்கு ஏறுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளுகிறது. இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து, உப்பிய இடத்தில் விரலால் தட்டிப் பாருங்கள்: ‘டொப்’பென்று வெற்றொலி கேட்கும். பெயர்த்தால் பூச்சோடு செங்கல் மாவும் கொட்டும்.

சிமெண்ட்தானே பலம் என்று கொத்தனார் கேட்பார். பலம்தான். ஆனால் பழைய செங்கல் மென்மையானது. அதைப் பிணைக்கும் காரை அதைவிட மென்மையாக இருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் சுவர் விரிந்து சுருங்கும்போது, சுண்ணாம்பு கொஞ்சம் இழைந்துகொடுக்கும். மயிரிழை விரிசல்களை, கரைந்து மீண்டும் படியும் சுண்ணாம்பே நாளடைவில் அடைத்துக்கொள்ளும். இறுகிய சிமெண்ட் இழைந்துகொடுக்காததால், செங்கல் உடைகிறது. நாள் அதிகமாகும், ஆள் கிடைக்காது என்பவை நியாயமான கவலைகள். சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. ஆனால் காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டுப் பூச்சு தெரிந்த கைகள் இன்றும் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கொருமுறை உரித்து உரித்துப் பூசும் செலவையும் கூட்டிப் பார்த்தால், முதலிலேயே பொறுமை காட்டுவது மலிவு.

அப்படியானால் புதிதாகச் சேர்க்கும் அறைகளையும் சுண்ணாம்பில்தான் கட்ட வேண்டுமா? கட்டாயமில்லை. கான்கிரீட் தூணும் சிமெண்டும் அங்கே பொருந்தும். பழைய சுவரில் பல்வைத்துப் பிணைக்காமல் இருந்தால் போதும். நூறாண்டுக்கு மேல் நின்ற அடித்தளம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் ஒட்டினால், சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்பு விழும். புதுப் பகுதிக்குத் தனி அடித்தளம் போட்டு, பழைய சுவரை ஒட்டித் தனிச் சுவர் எழுப்பி, நடுவே விரலளவு இடைவெளி விட வேண்டும். உள்பக்கம் அதை ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்த மரச்சட்டத்தால் மூடலாம். பழைய கூரைச் சரிவையே புதியதற்கும் கொடுத்து, உயரத்தை ஒரு படி குறைத்து வீட்டின் பின்புறம் அமைத்தால் முகப்பு கெடாது. இரு கூரைகளும் சந்திக்கும் பள்ளத்தில் அகலமான தகரவாரி வைக்க வேண்டும். அங்கே நீர் தேங்கினால் முதலில் நனைவது பழைய சுவரின் தலைதான்.