'சுதந்திர வர்த்தகம்' என்றால் தீர்வையே இல்லையா?

தலைமன்னார் கரையிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். கொழும்பு புறக்கோட்டைக்குப் போய்ச் சாமான் எடுப்பதென்றால் அதைப்போல் பத்து மடங்கு தூரம். ஆகவே 'இந்தியாவுடன் சுதந்திர வர்த்தகம்' என்ற செய்தியைப் படிக்கும் போதெல்லாம் நம் மன்னார் வியாபாரிகளுக்கு ஆசை வருவது இயற்கையே. தாராபுரத்து ஹாஜியார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, சுதந்திர வர்த்தகம் என்று பேப்பரில் போடுறாங்க. நான் சென்னை மண்ணடியில் எடுத்த சாமானுக்குக் கஸ்டம்ஸில் முழுத் தீர்வையும் கட்டச் சொல்றாங்களே, இது என்ன சுதந்திரம்?"

கேள்வி நியாயமானது. ஆனால் ஹாஜியார் வாங்கியது சீனாவில் செய்த டோர்ச் லைட்டுகள். அது சென்னையில் வாங்கப்பட்ட பொருள்தான்; இந்தியப் பொருள் அல்ல. முழு விடயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இலங்கை - இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28ஆம் திகதி கைச்சாத்தானது. 2000 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி இரு நாடுகளும் ஒன்றின் உற்பத்தியை மற்றொன்று சுங்கத் தீர்வை இன்றியோ குறைத்தோ அனுமதிக்க இணங்கின. உற்பத்தியை என்பதைக் கவனியுங்கள். எந்தக் கடையில் வாங்கினோம், எந்தத் துறைமுகத்தில் ஏற்றினோம் என்பது மட்டும் போதாது. எங்கே உருவானது என்பதைத்தான் சுங்கம் கேட்கும்.

உருவான இடத்தை எப்படித் தீர்மானிப்பது? மன்னார்க் கடலில் நம் வள்ளம் பிடித்த நண்டு, நம் கரையில் காய்ந்த கருவாடு, இவற்றுக்குக் கணக்கு வேண்டாம், முழுதும் நம்முடையவை. வெளிநாட்டு மூலப்பொருள் கலந்தால்தான் சிக்கல். ஏற்றுமதி விலை ஒரு இலட்சம் ரூபா என்றால், அதில் வெளிநாட்டு மூலப்பொருளின் பெறுமதி 65,000 ரூபாவைத் தாண்டக்கூடாது. அதாவது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்த பெறுமதியாக இருக்கவேண்டும். மூலப்பொருள் இந்தியாவிலிருந்தே வந்திருந்தால் நம் பங்கு 25 சதவீதம் இருந்தாலும் போதும், இரண்டும் சேர்ந்து 35 ஆகவேண்டும். அத்துடன் பொருளின் சுங்க வகைப்பாட்டு இலக்கமும் மாறியிருக்கவேண்டும். பெட்டியை மாற்றி லேபல் ஒட்டினால் அது உற்பத்தி ஆகாது. இதை உறுதிப்படுத்துவதுதான் உற்பத்தி மூலச் சான்றிதழ். இங்கிருந்து போகும் பொருளுக்கு நமது வர்த்தகத் திணைக்களம் கொடுக்கும். அங்கிருந்து வருவதற்கு அந்நாட்டு ஏற்றுமதி ஆய்வுச் சபை கொடுக்கும். மண்ணடிக் கடைக்காரர் எழுதித் தரும் பில், சான்றிதழ் அல்ல.

இந்த விதி எவ்வளவு பெரிய ஆட்களையும் உலுக்கியது என்பதற்கு வனஸ்பதி நல்ல உதாரணம். உடன்படிக்கை வந்த பின், வெளிநாட்டுப் பாம் எண்ணெயைக் குறைந்த தீர்வையில் இலங்கைக்குக் கொண்டுவந்து வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் இங்கே முளைத்தன. இந்திய உற்பத்தியாளர்கள் கூக்குரலிட, ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் தொன் என்று கோட்டா வந்தது. பிறகு இந்தியா தன் பாம் எண்ணெய்த் தீர்வையைக் குறைத்ததும் அந்த வியாபாரத்தின் இலாபமே கரைந்துபோனது. நம் பொருளுக்கு நாம் சேர்த்த பெறுமதியை நம்பாமல், இரு நாட்டுத் தீர்வை வித்தியாசத்தை மட்டும் நம்பி நடத்திய வியாபாரம் அது.

அடுத்தது எதிர்மறைப் பட்டியல். சலுகை கிடையாது என்று ஒவ்வொரு நாடும் ஒதுக்கிவைத்த பொருட்கள் இவை. இந்தியா 429 பொருட்களை ஒதுக்கியது. இலங்கை 1,180 பொருட்களை ஒதுக்கியது. யுத்த காலத்தில் வடக்குக்கு பற்றரி, சீமெந்து, பெற்றோல் போகாமல் தடுத்த பட்டியலை அனுபவித்த நமக்குப் பட்டியல் என்றாலே ஒரு பயம். ஆனால் இது வேறு. இதில் உள்ள பொருளைக் கொண்டுவரலாம், தீர்வைச் சலுகை மட்டும் இல்லை. இன்னொன்று, சலுகை சுங்கத் தீர்வைக்குத்தான். செஸ், துறைமுக அறவீடு, வற் ஆகியவை தனித்தனிக் கணக்கு.

உடன்படிக்கை இருந்தாலும் அரசு ஒரு பொருளின் இறக்குமதியையே நிறுத்தலாம் என்பதை 2020இல் மஞ்சள் நமக்குக் காட்டியது. 1969ஆம் ஆண்டு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரசின் கையில் இருக்கிறது. தடை வந்ததும் கடையில் மஞ்சள் விலை பல மடங்கானது. தமிழ்நாட்டில் அதே மஞ்சள் மலிவு. விளைவு, மன்னார்க் கரையில் மஞ்சள் மூட்டைகளோடு படகுகள் பிடிபட்ட செய்தி வாராவாரம் வந்தது. 'கடல் திறந்துதானே கிடக்கு' என்று சொல்லி இறங்கியவர்கள் சரக்கையும் படகையும் இழந்து நீதிமன்றப் படியேறினார்கள். அது சுதந்திர வர்த்தகம் அல்ல, கள்ளக்கடத்தல்.

'திறந்த பொருளாதாரம்' என்பதும் வேறு சொல். 1977க்குப் பின் ஜே.ஆர். அரசு யாருடனும் ஒப்பந்தம் போடாமல், தானாகவே இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்நாட்களில் இராமேஸ்வரக் கப்பலில் பொதிகளோடு போய்வந்தவர்கள் செய்தது பயணிகளுக்கான பொதிச் சலுகையில் நடந்த சில்லறை வியாபாரம். 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியபோதும் அதே எண்ணம் பலருக்கு வந்தது. பொதிச் சலுகை சொந்தப் பாவனைக்கு. கடைச் சரக்குக்கு அல்ல.

'சுதந்திர வர்த்தக வலயம்' என்றால் 1978இல் கட்டுநாயக்காவில் ஆரம்பித்தது போன்ற இடம். வேலிக்குள் கொண்டுவரும் மூலப்பொருளுக்குத் தீர்வை இல்லை, செய்த பொருள் வெளிநாட்டுக்குப் போகவேண்டும். பெயர் ஒற்றுமையைத் தவிர உடன்படிக்கையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இவற்றுக்கு எதிர்ச்சொல் ஏகபோகம். அதை அறிய அரிப்புக்குப் போனால் போதும். ஆங்கிலேயர் காலத்தில் முத்துப்பார் அரசின் உடைமை. கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்து குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, மீதி அரசுக்கு. அரசின் பங்கு ஏலத்தில் போகும். குளித்தவர் தன் பங்கை யாருக்கும் விற்கலாம். ஒரே கரையில் ஏகபோகமும் திறந்த சந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. 1906இல் முத்துப்பாரையே இலண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் சிப்பி இல்லாமற்போய்க் கம்பனியும் கலைந்தது.

சரி, ஹாஜியாரைப் போல் இந்தியாவில் சரக்கெடுக்க நினைப்பவர் என்ன செய்வது? முற்பணம் கொடுக்குமுன் பொருளின் சுங்க வகைப்பாட்டு இலக்கத்தைக் கேளுங்கள். அந்த இலக்கம் நமது எதிர்மறைப் பட்டியலில் உண்டா, இறக்குமதி அனுமதிப்பத்திரம் தேவையா என்று சுங்க முகவரிடம் பாருங்கள். விற்பவர் மூலச் சான்றிதழ் எடுத்துத் தருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் முழுத் தீர்வையையும் போட்டு விலையைக் கணக்குப் பாருங்கள். அப்போதும் புறக்கோட்டை விலையைவிட மலிவாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.